நாற்பதாயிரம் காவலர்கள்

"14 அக்டோபர் 2131, காலை. ஒரு தவறு செய்திருக்கிறேன். சோதனையில் கிருமி இல்லை என்றுதான் வந்தது. நான் படிவத்தில் 'உறுதியில்லை' என்று எழுதிவிட்டேன். ஒன்பது நாள் கழித்து இன்றுதான் கவனித்தேன்."

எழுதியதைச் செவ்வந்தி இரண்டு முறை வாசித்தாள். பிறகு பல் தேய்க்கப் போனாள்.

நிலவுக் குடியிருப்பில் பல் தேய்க்கும்போதே இரத்தத்தில் ஓடும் நுண்காவலர்களின் எண்ணிக்கை கண்ணாடியில் தெரியும். குழந்தை பிறந்த ஏழாம் நாள் ஊசியில் ஏற்றிவிடும் கண்ணுக்குத் தெரியாத எந்திரங்கள் அவை. வழக்கமாக ஆறாயிரம் இருக்கும். அன்று அவளுக்கு நாற்பதாயிரம். ஏறக்குறைய அத்தனையும் இடது மார்பில்.

பகலில் கீரைக்கூடத்தில் வேலை, மாலையில் உயிரணு வகுப்பு. செய்முறைப் பயிற்சிக்குத் தன் மார்புக் கட்டியையே எடுத்துக்கொண்டு, சோதனைப் படிவத்தையும் தானே நிரப்பியதுதான் வினையாகிவிட்டது. மகன் பால் மறந்து ஒரு வருடம் ஆகிறது. ஏதோ ஒரு பால்குழாயில் தேங்கியது கசிந்து பக்கத்துத் திசுவில் இறங்கியிருந்தது. அதைத் தின்று தீர்க்க விழுங்கணுக்கள் வந்தன. வந்தவை துணைக்கு இன்னொரு வகை வெள்ளையணுக்களான நிணவணுக்களைக் கூப்பிட்டன. அவை வரவும் இன்னும் விழுங்கணுக்கள் வந்து, நெருக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, மதில் கட்டி உட்கார்ந்துவிட்டன. மதிலுக்குள் எதிரி யாருமில்லை. புற்றும் இல்லை என்று திசுச் சோதனை சொல்லியாயிற்று. ஆனால் 'உறுதியில்லை' என்றால் நுண்காவலரை அனுப்ப வேண்டும் என்பது விதி. போன காவலர்கள் கூட்டத்தைப் பார்த்தார்கள், ஆபத்து பெரிது என்று மேலும் ஆள் கேட்டார்கள். கேட்கக் கேட்க ஆள் போனது. கட்டி வளர்ந்தது.

நான்கு சென்டிமீட்டரைத் தொட்டால் அறுவை எந்திரம் மார்பில் பாதியை எடுத்துவிடும். அதுவும் விதி.

"எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார் டாக்டர் ஜெசிந்தா.

"மூணு புள்ளி எட்டு டாக்டர். அஞ்சு தடவ அளந்தேன்."

"அமுக்கி அமுக்கி அளந்தா அது வேற வீங்கும். முதல்ல காவலர வெளிய அனுப்பு. மருந்து நான் தர்றேன். மாசக்கணக்கா ஆகும், ஆனா அடங்கும். காவலர அனுப்பக் கையெழுத்துப் போட்டியே, அந்த ஒப்புதல நீதான் வாபஸ் வாங்கணும்."

"தப்பாயிட்டா?"

"உன்னோட இதே ரோதனை. போய் யோசி."

தனியாக யோசிக்கத் தைரியம் வரவில்லை. அக்கா ரோகிணியைக் கூப்பிட்டாள். ரோகிணி மாமியாரோடு வந்தாள். மாமியார் பக்கத்து வீட்டு நர்ஸைக் கூப்பிட்டாள். மாலைக்குள் அறையில் நிற்க இடமில்லை.

"காவலர எடுக்காதடி. இன்னும் பத்தாயிரம் கேளு," என்றாள் ரோகிணி.

"என் நாத்தனாருக்கும் இதேதான்," என்றாள் நர்ஸ். "ஆனா அவளுக்கு முழங்கால்ல."

கட்டிலில் முன்பின் தெரியாத ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். செவ்வந்தி துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சார், நீங்க யாரு?"

"நாலாவது மாடிம்மா. வாசல்ல கூட்டமா இருந்துச்சு, ஏதோ பெரிய விஷயம்னு வந்தேன். என்னவாம்?" பதிலுக்குக் காத்திராமல் போனை எடுத்தார். "கமலி, உடனே இங்க வா. உங்கம்மாவையும் கூட்டிட்டு வா."

செவ்வந்தி அவர் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கினாள். "எல்லாரும் வெளிய போங்க!"

அவர்கள் போனார்கள். போய் வாசலில் நின்றார்கள்.

அவள் கதவைச் சாத்திவிட்டு நாட்குறிப்பைத் திறந்தாள்.

"நாளை: எட்டு மணிக்கு அலுவலகம் திறந்ததும் ஒப்புதலைத் திரும்பப் பெற வேண்டும். துணைக்கு யாரையும் கூப்பிடக் கூடாது."