நூறு ராஜா தலைகள்

டெலிபோன் அலறியது!

தாம்பரம் மார்க்கெட்டில் கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்த அயூப், குனிந்து உள்ளே ஓடி ரிசீவரை எடுத்தார்.

"அயூப் பாய் வெள்ளிக் கடையா?"

"ஆமாங்க..."

"இன்ஸ்பெக்டர் சாம்பசிவன் பேசறேன். குப்பன்னு ஒருத்தன் உங்க பட்டறையில வேலை பார்த்தானா?"

"பார்த்தான் சார். போன வருஷமே நின்னுட்டான். ஏன்... ஏதாச்சும் தகராறா?"

"இனிமே அவன் யார்கிட்டேயும் தகராறு பண்ண முடியாது பாய். பீர்க்கன்கரணை ஏரியில பொணமா மிதந்தான். உடனே புறப்பட்டு வாங்க!"

அயூப் பாதி தூக்கிய ஷட்டரை மறுபடி இறக்கிப் பூட்டினார்.

ஏரிக்கரையில் கூட்டம். ஈரமான போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்கள். பக்கத்தில் தலைவிரிகோலமாகக் குப்பனின் மனைவி எல்லம்மா.

அயூப்பைப் பார்த்ததும் அவள் எழுந்து பாய்ந்தாள்.

"இன்னா பாய்... இப்ப சந்தோசமா? நீ குட்த்த வேலைன்னு சொல்லிக்கினுதானே ரெண்டு மாசமா வூட்ல காசு வார்த்துக்கினு கெடந்தான்! துட்டு கேட்டதுக்கு என் புருசன சாவடிச்சிட்டியே!"

"நானா? அல்லா மேல ஆணையா, நான் அவனைப் பார்த்தே ஒரு வருஷம் ஆச்சும்மா!"

"பொய் சொல்லாத பாய்! 'பாய் வேலை... பாய் வேலை'ன்னு அவன் வாயாலயே சொன்னான்!"

இன்ஸ்பெக்டர் சாம்பசிவன் நடுவில் வந்து உள்ளங்கையை விரித்தார். மூன்று பழைய வெள்ளி ரூபாய்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை போட்டவை.

"இவன் சட்டைப்பையில இருந்துச்சு. என்னன்னு சொல்லுங்க."

அயூப் ஒன்றை எடுத்து விரல் நுனியில் வைத்துச் சுண்டினார்.

டொக்!

நல்ல வெள்ளி என்றால் 'கிணீர்' என்று பாடியிருக்கும்.

"போலி சார். ஜெர்மன் சில்வர்ல வார்த்து, மேல வெள்ளி முலாம் பூசியிருக்கான்."

"ரொம்பக் கரெக்டா சொல்றீங்களே... செஞ்சவருக்குத்தான் இவ்வளவு தெரியும்."

"வாங்கி விக்கறவனுக்கும் தெரிஞ்சாகணும் சார்."

"அதையும் பார்த்துடுவோம். இதே மாதிரி நூறு காசோட ஒருத்தர் காலையிலேர்ந்து ஸ்டேஷன்ல உட்கார்ந்திருக்கார். நீங்கதான் வித்தீங்கன்னு கம்ப்ளெயிண்ட். ஜீப்ல ஏறுங்க!"

ஜீப் ஜி.எஸ்.டி. ரோடில் பறந்தது. மார்ச் மாத வெயிலில் அயூப் தன் வியாபாரத்தைத்தான் நினைத்துக்கொண்டு வந்தார்.

அவர் வியாபாரமே இந்த ராஜா தலை ரூபாய்தான். பழைய காசு சேகரிக்கிற பைத்தியங்கள் அவரிடம் வருவதில்லை. வருகிறவர்கள் எல்லாம் மாதச் சம்பளக்காரர்கள். வருஷம், அச்சு எதுவும் அவர்களுக்கு முக்கியமில்லை. வெள்ளி முக்கியம். அதிலும் தேய்ந்த காசு என்றால் கொள்ளை இஷ்டம். கூலி கிடையாது, சேதாரம் கிடையாது, எடைக்கு என்ன வெள்ளியோ அந்த விலை!

அதற்கு மேல் அயூப்பின் வாக்கு ஒன்று உண்டு. "எப்ப கொண்டு வந்தாலும் அன்னிக்கு வெள்ளி விலைக்கு நானே திருப்பி எடுத்துக்கறேன்!"

பத்திரம் கிடையாது. வாய் வார்த்தை மட்டும். குரோம்பேட்டையிலிருந்து கோவிலம்பாக்கம் வரை நாற்பது குடும்பங்கள் அந்த வார்த்தையை நம்பி, அயூப்பின் துணிப்பைகளைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கின்றன.

'அயூப் பாய் போலி விக்கறார்' என்று ஒரே ஒரு வாய் சொன்னால் போதும். சாயங்காலத்துக்குள் நாற்பது குடும்பமும் கடை வாசலில் நிற்கும். கொலைப்பழி கோர்ட்டில் போகலாம். போன பேரை எந்த கோர்ட்டு திருப்பித் தரும்?

ஸ்டேஷன் பெஞ்சில் துணிப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் அயூப் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தோத்து... நீயாடா?"

தோத்தாத்ரி! ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச் சிநேகிதன். இப்போது ஒரு தனியார் காலேஜில் பிசிக்ஸ் லேப் அசிஸ்டென்ட். பிரசவத்தில் அயூப்பின் மனைவி நூர் பீவி உயிருக்குப் போராடியபோது தன் ரத்தத்தைக் கொடுத்தவர். நோன்புக் கஞ்சியின் முதல் தூக்கு வருஷா வருஷம் அவர் வீட்டுக்குத்தான் போகும்.

"நானேதான்! உன்னை நம்பி பி.எஃப். பணத்தைப் பூரா கொட்டினேனே, அதே முட்டாள்!"

"என்னடா பேசறே?"

"பொண்ணு ப்ரியா கல்யாணத்துக்குன்னு வெச்சிருந்தது அயூப்! இருபது பை! நேத்து ஒண்ணைப் பிரிச்சு லேப்ல டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன். நூறும் போலி! அவ அம்மா வேதா கேட்டா நான் என்ன பதில் சொல்வேன்?"

"நான் உனக்குப் போலி குடுப்பேனாடா?"

"குடுத்திருக்கியே! இதோ உன் பை. உள்ளே உன் கடை சீல் வெச்ச சீட்டு. இல்லேன்னு சொல்லு பார்க்கலாம்!"

அயூப்புக்கு அழுகை முட்டியது. யார் வேண்டுமானாலும் சந்தேகப்படட்டும். இவனுமா? ஒரு நிமிஷம் தன் மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பையை வாங்கினார். மேஜை மேல் கொட்டினார். நூறு ராஜா தலைகள். மூக்கு மழுங்கி, மீசை மறைந்து, வழவழவென்று...

அயூப் நிமிர்ந்தார். அவர் முகம் மாறியிருந்தது.

"சார்... ஒரு தராசு கிடைக்குமா?"

கான்ஸ்டபிள் எதிர் ஸ்வீட் ஸ்டாலுக்கு ஓடி எலக்ட்ரானிக் தராசைத் தூக்கி வந்தார். தட்டில் ஒட்டியிருந்த ஜாங்கிரிப் பாகைத் துடைத்துவிட்டுக் காசுகளைக் கொட்டினார்கள்.

1166.

"நூறு காசுக்கு அதுதான் எடை!" தோத்தாத்ரி முந்திக்கொண்டார். "ஒரு காசு 11.66 கிராம். எந்தப் புத்தகத்துல வேணா பாருங்க சார். அவ்வளவு நுணுக்கமா ஏமாத்தியிருக்கான்!"

"புத்தகத்துல இருக்கும் தோத்து. கையில இருக்காது." அயூப் ஒரு காசை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். "இந்த ராஜாவைப் பாருங்க சார். எழுபது வருஷம் கை மாறி, மடியில உரசி, மூக்கு மீசையெல்லாம் போயிடுச்சு. மூஞ்சி தேஞ்ச காசு எடையும் தேஞ்சிருக்கணுமே? இது கிராம் சுத்தமா நிக்குது. சரியா இருக்கறதுதான் சார் தப்பு!"

"போலின்னுதான் தெரிஞ்சுபோச்சே பாய்! அந்தப் போலியை வித்ததே நீங்களா இருக்கலாமே?"

"அப்படிக் கேளுங்க சார்!" என்றார் தோத்தாத்ரி.

"அந்தச் சீட்டைப் பிரிங்க சார்."

நாலாக மடித்த சீட்டு. வெளிப்பக்கம் கடை சீல். இன்ஸ்பெக்டர் பிரித்தார்.

"என் கடையில ஒரு வழக்கம் சார். எடையை நான் எழுத மாட்டேன். வாங்கறவரே தராசைப் பார்த்து, தன் கையால எழுதிக் கையெழுத்துப் போடணும். அப்புறம் மடிச்சு நான் சீல் வெச்சு, பையில போட்டு, வாயைத் தெச்சுக் குடுப்பேன். நாளைக்கு என் மேல ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க..."

இன்ஸ்பெக்டர் உரக்கப் படித்தார். "நூறு காசு. எடை 1138 கிராம். 14.6.2005. தோத்தாத்ரி."

படித்துவிட்டுச் சீட்டை மேஜை மேல் விரித்து வைத்தார்.

"அவன் கையெழுத்து சார். ஆறாங்கிளாஸ்லேர்ந்து பார்த்துப் பார்த்துப் பழகின கையெழுத்து." அயூப் தோத்தாத்ரி பக்கம் திரும்பினார். "சீல் மட்டும் போதும்னு நெனச்சு, சீட்டைப் பிரிச்சுப் பார்க்காமலே திருப்பிப் போட்டுட்டே. இப்ப இருபத்தெட்டு கிராம் கூடியிருக்கு. மூணு வருஷத்துல வெள்ளி விலை ஏறும் தோத்து... எடை ஏறுமாடா?"

தோத்தாத்ரியின் நெற்றியில் வியர்வை.

"இப்ப புரியுது." சாம்பசிவன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார். "குப்பன் செல்லுக்கு நேத்து சாயங்காலம் கடைசியா வந்த போன் ஒரு காலேஜ் லேப் நம்பர். பாய்க்கு லேப்ல என்ன வேலைன்னு மண்டையைக் குடைஞ்சுக்கிட்டிருந்தேன். நீங்களே சொல்றீங்களா... இல்லே நான் கேக்கட்டுமா?"

தோத்தாத்ரி முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"அசல் காசை நவம்பர்லயே வித்துட்டேன் சார்... ஷேர்ல போட்டேன். ஜனவரியில மார்க்கெட் விழுந்ததே, அதோட எல்லாம் போச்சு. வேதாவுக்குத் தெரியாது. அயூப் போலி வித்துட்டான்னு சொல்லி அவன்கிட்டேர்ந்தே பணத்தை வாங்கிடலாம்னு, குப்பனை வெச்சு இருபது பைக்கும் போலி செஞ்சேன். யார் கேட்டாலும் பாய் வேலைன்னு சொல்லச் சொன்னேன். ஒவ்வொரு காசையும் லேப் தராசுல நிறுத்து நிறுத்து வாங்கினேன்..."

"குப்பன்?"

"இன்னும் பணம் வேணும், இல்லேன்னா பாய்கிட்ட சொல்லிடுவேன்னான். ஏரிக்கரைக்குக் கூப்பிட்டேன்... தள்ளினேன்... கல்லுல தலை மோதிடுச்சு. அந்தப் பழியும் சேர்ந்து அயூப் மேல விழட்டும்னுதான் காலையில முதல் ஆளா இங்க வந்தேன்."

அயூப் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் கூட வரவில்லை.

"பணம் போச்சுன்னு வந்து சொல்லியிருந்தா குடுத்திருப்பேனேடா... ப்ரியா கல்யாணத்தை நான் நின்னு நடத்தியிருப்பேனே!"

"என்னை விட்டுடாதேடா அயூப்! நீதானே சொல்வே... எப்ப வந்தாலும் திருப்பி எடுத்துக்கறேன்னு..."

"நான் வித்ததைத்தான் நான் திருப்பி எடுத்துக்குவேன் தோத்து. நம்ம சிநேகத்தை வித்தது நீ."

அயூப் திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தார்.

கான்ஸ்டபிள் விலங்கை எடுத்து வந்தார். தோத்தாத்ரி தள்ளாடி எழுந்தார்.

சாம்பசிவன் தொப்பியை மாட்டிக்கொண்டு சொன்னார்.

"வாங்க சார். ஜெயில்லயும் உள்ளே விடறப்ப எடை போட்டுத்தான் எழுதிக்குவாங்க... கவலைப்படாதீங்க, வெளியே வர்றப்ப நீங்க அசல் காசு மாதிரியே தேஞ்சிருப்பீங்க!"