ஏற்கெனவே தரப்பட்ட அனுமதி

அவள் எதுவும் கேட்கவில்லை. ஆனால் கூடத்திலிருந்து அப்பா, "சாப்பிட்டேன் பாப்பா, மாத்திரையும் போட்டுட்டேன்" என்று பதில் சொன்னார்.

அவள் சமையலறையில் அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தாள். லைட்டர் வழக்கம்போல் இரண்டு முறை சொடுக்கியும் பற்றாமல் மூன்றாவது சொடுக்கில்தான் பற்றியது. மத்தியானத்திலிருந்தே மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததில் வீடு முழுக்க காயாத துணியின் வாசனை நிறைந்திருந்தது. மூன்றாவது மாடி ஜன்னலின் தகர மறைப்பில் சொட்டு விழும் சத்தமும், மின்விசிறியின் ஒரு இறக்கை எங்கோ உரசும் சத்தமும், அடுப்பின் சீறலும் சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்தப் பதில் வந்தது. எட்டிப் பார்த்தாள். சட்டைப் பையில் போனோடு, தலையைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்துக்கொண்டு, அப்பா யாரோ சொல்வதைக் கேட்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

"யார்கிட்ட பேசறீங்க?" என்றாள். அவர் திரும்பவில்லை.

அவளுக்குக் காது கிளினிக்கில் வேலை. சத்தம் புகாத சின்ன அறையில் ஆட்களை உட்காரவைத்து, கேட்டால் பட்டனை அமுக்குங்கள் என்று சொல்லும் வேலை. காது டெஸ்ட் எடுப்பவள் வீட்டிலேயே காது கேட்காதவர் என்பது கிளினிக்கில் எல்லோருக்கும் நல்ல ஜோக். அப்பாவுக்குக் கண்ணிலும் புரை வளர்ந்திருந்தது. சர்க்கரை குறையாததால் ஆபரேஷன் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. எதிரே நிற்பது யார் என்று அவர் குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். அந்தக் குரலை இரைச்சலிலிருந்து பிரித்துக் காது மிஷினுக்கு அனுப்புவது போனில் இருந்த ஆப். அது இல்லாவிட்டால் மிஷினில் வெறும் கொரகொரப்புதான்; கிட்டப் போய் எழுத்தெழுத்தாகச் சொன்னாலொழிய சொற்கள் கிடையாது. அந்த ஆப் அவருடைய பழைய போனில் ஏறவில்லை என்பதால் யாரோ பயன்படுத்திக் கைமாற்றிய போன் ஒன்றைச் சல்லிசாக வாங்கிக் கொடுத்திருந்தாள்.

இன்னொன்றும் செய்திருந்தாள். போனிலேயே ஏதாவது ஓடும்போது வெளியிலிருந்து வரும் சத்தத்தை அடைக்கும் செட்டிங் ஒன்று உண்டு. டிவி செய்தியைப் போன் வழியாகத் தெளிவாகக் கேட்கட்டும் என்று நோயாளிகளுக்குப் போடுவதைப் போலவே அப்பாவுக்கும் போட்டுவிட்டாள். உண்மையைச் சொன்னால், வேலை முடிந்து வந்தபின் அவரிடம் கத்திக் கத்திப் பேச அவளிடம் தெம்பு இல்லை. அவர் பாட்டுக்குச் செய்தி கேட்பார், அவள் பாட்டுக்குப் படுப்பாள்.

இரவு அவர் மிஷினைக் கழற்றியபின் ஆப்பின் கணக்கைத் திறந்து பார்த்தாள். இன்று போனிலேயே ஓடிக் காதுக்குப் போன ஒலி: மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். டிவி அன்று போடவே இல்லை.

செட்டிங்கை அணைத்தாள். காலையில் அது மறுபடி போட்டிருந்தது.

போன் ரிப்பேர் கடைக்காரனுக்கு டெம்பர் என்று பெயர். யார் எதற்கு வந்தாலும் ஒரு டெம்பர் கிளாஸ் ஒட்டாமல் அனுப்பமாட்டான். அவன் போனை முழுக்க அழித்து, புதிதுபோல ஆக்கிக் கொடுத்தான். அன்று மத்தியானமே கணக்கில் நான்கு மணி நேரம் ஏறியிருந்தது.

"அக்கா, ரீசெட் போட்டும் போகலன்னா அது சிஸ்டத்துக்குள்ளேயே உக்காந்திருக்கு," என்றான் டெம்பர். "ரூட் பண்ணாதான் என்னன்னு பார்க்கவே முடியும். நம்ம வீட்டுக்கே நம்மகிட்ட எல்லா சாவியும் இல்லாத மாதிரிதான் போனு. ரூட்டுன்னா மொத்த சாவிக்கொத்தும் கைக்கு வந்துடும்."

"பண்ணா என்ன ஆகும்?"

"ஃபைல் தப்பா போட்டா போன் செங்கல்லுதான், திரும்ப உயிரே வராது. சரியா போட்டாலும், ரூட் பண்ண போன்ல காது ஆப் ஓடாதுன்னு அடம் பிடிக்கலாம். அப்புறம் அப்பாவுக்குச் சுத்தமா பேச்சு புரியாது. யோசிச்சுக்கோங்க."

யோசித்தாள். பஸ்ஸில் யோசித்தாள், சத்தம் புகாத அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து யோசித்தாள். பயம் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. ஊசி போட்ட ஈறு போல மனசு கிடந்தது. அப்பாவின் காதில் யாரோ தினமும் நான்கு மணி நேரம் பேசுகிறார்கள். நிறுத்தப்போனால் அந்தக் காதே போய்விடலாம். கடைசியில், ரூட் பண்ணுவதற்கு முன் திறக்கவேண்டிய கம்பெனிப் பூட்டுக்காகப் போன் கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டாள். நூற்று அறுபத்தெட்டு மணி நேரம் காத்திருக்கவும் என்று பதில் வந்தது. ஏழு நாளில் புத்தி வந்துவிடும் என்று கம்பெனிக்கு ஒரு நம்பிக்கை.

அந்த ஏழு நாளும் போனை அவரிடமிருந்து வாங்க முடியவில்லை. கேட்டால் பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். "இதுலதான் நல்லா கேக்குது" என்று அவளுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துச் சொன்னார். மூன்றாம் நாள் அவள் கடந்து போகும்போது காலை உள்ளே இழுத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் தட்டை முன்னால் வைத்தபோது, "வச்சுட்டுப் போங்கம்மா" என்றார். நாற்பது வருஷத்தில் அவர் அவளைப் போங்க என்று சொன்னதே இல்லை. அவள் தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் மத்தியானத் தூக்கத்தில் இருந்தபோது பையிலிருந்து போனை எடுத்தாள்.

டெம்பர் எழுதிக் கொடுத்த தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தாள். சார்ஜ் அறுபதுக்கு மேல். சிம்மைக் கழற்றவும். போனின் அதே பதிப்புக்கான ஃபைல்தானா என்று எண்ணை இரண்டு தடவை பார்க்கவும். மாற்றாத மூல ஃபைலைத் தனியாக ஒரு பென் டிரைவில் வைத்துக்கொள்ளவும். ஒயரை ஆட்டக் கூடாது. ஒவ்வொன்றாகச் செய்து டிக் போட்டாள். பூட்டு திறந்ததும் போனில் இருந்ததெல்லாம் அழிந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மெதுவாக ஊர்ந்தன. மழை மறுபடி தொடங்கியது.

பின்னால் கட்டில் கிரீச்சிட்டது. அப்பா மிஷினை மாட்டிக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றார். போன் அணைந்திருந்ததால் வெளிச்சத்தம் அவருக்குள் போகும். ஒரு வாரத்தில் முதல் முறையாக.

"அப்பா, நான்தான்," என்றாள், கிட்டப் போய், மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக.

அவர் முகத்தைச் சுளித்தார். "யாரு?"

"நான்தான்ப்பா. பாப்பா."

"பாப்பா குரல் இப்படி இருக்காதே," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். சுவரைத் தடவிக்கொண்டே கூடத்துக்குப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

போன் உயிர் பெற்றது. செங்கல் ஆகவில்லை. காது ஆப்பை ஏற்றினாள், அடம்பிடிக்காமல் திறந்தது. ரூட் செய்த போனில், எந்த ஆப்புக்கு எல்லா அனுமதியும் கொடுத்திருக்கிறோம் என்று காட்டும் பட்டியல் ஒன்று இருக்கும். அவள் இன்னும் எதற்கும் கொடுக்கவில்லை. பட்டியல் வெறுமையாக இருக்கவேண்டும்.

ஒரு வரி இருந்தது. பெயர் இல்லை, படம் இல்லை. அனுமதி: எப்போதும். பக்கத்தில் தேதி. அந்தத் தேதி அவளுக்குத் தெரிந்தது. வெளிச்சத்தத்தை அடைக்கும் செட்டிங்கை அவள் போட்ட நாள்.

அதைத் தொட்டாள். ஒரு ஃபோல்டர் திறந்தது. எல்லாம் அழிந்த போனில் நானூறுக்கும் மேல் ஒலி ஃபைல்கள். முதலாவதைத் தட்டினாள்.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

அவளுடைய குரல். ஆனால் களைப்பில்லாத குரல். அவள் அப்படிப் பேசி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

கீழே போகப் போக அவள் என்றும் கேட்காத கேள்விகள் வந்தன. ராத்திரி நல்லா தூங்கினீங்களா, முட்டி வலி எப்படி இருக்கு, அம்மா ஞாபகம் வருதா. இதையெல்லாம் ஒருத்தி தினமும் மணிக்கணக்காக உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வாரம் முழுக்க அவளுக்குத் தோன்றிய ஒரே உணர்ச்சி அதுதான்.

கடைசிக்கு முந்தின ஃபைல்.

"அப்பா, வீட்டுக்குள்ள இன்னொருத்தி நடமாடறா. என் சட்டையத்தான் போட்டிருப்பா. பேசமாட்டா, வாய மட்டும் அசைப்பா. பயப்படாதீங்க."

கடைசி ஃபைல்.

"ஞாயித்துக்கிழமை அவளை வெளிய அனுப்பிடலாம்."

அழி என்பதை அமுக்கினாள். முடியாது, அனுமதி ஏற்கெனவே தரப்பட்டது என்று வந்தது. மறுபடி அமுக்கினாள். அதே வரி. போனை அணைத்தாள். திரை கறுத்தது.

கூடத்தில் மிஷின் இணையும்போது வரும் சின்ன மணிச்சத்தம் கேட்டது. இரண்டு காதுக்கும். இரண்டு தடவை.

ஓடினாள். அப்பா தலையை வலப்பக்கம் சாய்த்திருந்தார்.

"அப்பா!"

ஒரு கையை உயர்த்தினார். இரு என்று.

"அப்பா, என்னப் பாருங்க! அதைக் கழட்டுங்க!"

அவள் வாய் அசைவதைக் கலங்கிய கண்ணால் பார்த்தார். "ஆமாம் பாப்பா," என்றார், அவளிடம் அல்ல. "இங்கதான் நிக்குது. வாய அசைக்குது. நீ சொன்ன மாதிரியே."

அவர் காதை நோக்கிக் கை நீட்டினாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இத்தனை பலம் அவருக்கு எப்போது வந்தது. கோபமில்லை. வழி தெரியாமல் வந்தவளை வழியனுப்புவது போலத் தோளில் கை வைத்து நடத்தினார். கத்தினாள். அவருடைய இமைகூட அசையவில்லை. கதவு. வாசல் மிதியடி. அவள் முதுகில் லேசான தள்ளல்.

"பத்திரமா போங்கம்மா."

தாழ்ப்பாள் விழுந்தது.

வராந்தாவில் வெறுங்காலோடு நின்றாள். தரை சில்லென்று இருந்தது. சாவி உள்ளே. அணைத்த போன் மேசைமேல். கதவில் காதை வைத்தாள். அவளுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். கதவுக்கு மறுபக்கம், மிக அருகில், அப்பாவின் மூச்சு கேட்டது.

"போயிட்டாளா?"

காது மிஷினுக்குள் இருந்து அல்ல. வீட்டுக்குள் இருந்து. அவளுடைய குரல்.

"போயிட்டா பாப்பா," என்றார் அப்பா, கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு.

"சரி, உக்காருங்கப்பா. டீ போடறேன்."

வீட்டின் கடைசியில், சமையலறையில், லைட்டர் சொடுக்கியது. இன்னொரு முறை. மூன்றாவது முறை பற்றியது.