பாய் நகர்ந்த பக்கம்

கடல் வந்து போய் நாலு மாசம். கல்முனைக்குடியில ஓடு பறந்த பள்ளிக்கூட மண்டபத்தில, லுஹர் தொழுதுட்டு, ஆளுக்கொரு பன்பாயோட போய் இருந்தோம். தியானம் பழக்க வந்தவ கிருசாந்தி மிஸ். நல்ல மனுசி. ஆனா மேலிடத்தில குடுத்த கசட்டைக் கேட்டுப் பார்க்காம டேப்பில போட்டுட்டா.

கசட்டில அலைச்சத்தம்.

மனம் ஆறுறதுக்காம்! அல்லாவே, எங்களுக்கா அலையைப் போடுற? பொம்புளையள் குழறி எழும்பினாங்க. மிஸ் பாய்ஞ்சு நிப்பாட்டினா, மன்னிப்புக் கேட்டா, மறுகா கசட் இல்லாமக் கண்ணை மூடி இருக்கச் சென்னா.

எனக்கு மட்டும் சத்தம் நிக்கல்ல.

மூடின கண்ணுக்குள்ள சேத்து நாத்தம். வலக்கைக்குள்ள ஒரு சின்னக் கை வந்திச்சு. விறைச்ச கை. என்ட மகள் றிஸ்னாட கை. அண்டைக்கு அலைக்குள்ள நான் விட்ட கை. அடக்குறதுக்கு அவட மையத்தும் கிடைக்கல்ல.

"மனசில புடிச்சிரிக்கிறதை மெல்ல விட்டுடுங்க," எண்டா மிஸ்.

விடல்ல.

கண்ணைத் திறந்தா வெறுங்கை. என்ட பாய் மட்டும் கடல் பக்கம் ஒரு முழம் போயிருந்திச்சு.

நடந்ததைச் சென்னதும், கூட வந்த என்ட மச்சி றுகையா வழி நெடுக ஏசினா. "எனக்கு இதால நித்திரை வருது, ஓம். ஒனக்கு இது கூடாதுகா. கைக்குள்ள வாறது புள்ளையோ வேற என்னமோ, ஆரு கண்டா? ஒன்னையும் இழுத்துட்டுப் போயிடும்."

மிஸ்ஸும் அதைத்தான் சென்னா. "சிலருக்கு இது ஒத்துவராது, நஸீறா. கொஞ்ச நாள் நிப்பாட்டுங்க."

ரெண்டு பேரும் என்ட நல்லதுக்குத்தான் கதைச்சாங்க. எனக்கு ஆத்திரம்தான் வந்திச்சு. "ஒருக்கா விட்டவள் நான். இன்னொருக்கா விடச் செல்லாதீங்க!"

ஒவ்வொரு நாளும் போனன். ஒவ்வொரு நாளும் இழுவை. ஆறாம் நாள் பாய் கடல் பக்க வாசல்படிக்கே போயிட்டுது. தோள் கழண்டு போற மாதிரி நோவு.

ஏழாம் நாள் பல்லைக் கடிச்சுட்டு இருந்தன். அலை இரைஞ்சிச்சு. கை வழுக்கிச்சு.

"வாடி மகள்! ஒன்னை நான் கடலுக்குக் குடுக்கல்ல, அதுதான் பறிச்சிச்சு!"

இருந்த பலமெல்லாம் சேத்து இழுத்தன்.

"நஸீறா..." றுகையா என்ட தோளைப் புடிச்சா. "கண்ணைத் திறகா."

பாய் ஊர்ப்பக்கம் ஒரு சாண் வந்திருந்திச்சு.

எனக்குப் பக்கத்தில பாயில ரெண்டு சின்னக் காலடித் தடம், ஈரமா. பாயை வெயில்ல போட்டும் இன்னமும் காயல்ல. நாளைக்கும் போவன்.