மழையில் எடுத்த அளவு

"இதை வெட்டி எடுத்துடுங்க. உதவாது."

மே மாத வெயிலில், கட்டி முடியாத போர்க்கப்பலின் பின்தளத்தில், அவன் சொன்ன முதல் வார்த்தைகள் இவைதான். வர்வாராவுக்கு அவன் முகம் தெரியவில்லை. அளவுக் கருவியின் மேல் குனிந்திருந்தான். வெயிலில் சிவந்த கழுத்து மட்டும் தெரிந்தது...

"யார் சொல்றது?" என்றாள்.

நிமிர்ந்தான். சாம்பல் நிறக் கண்கள். பனி உருகி ஓடும் நெவா நதியின் நிறம். அதை அவள் கவனித்தாள்... கவனித்ததற்காகத் தன்மேலேயே எரிச்சலும் பட்டாள்.

"ரோதியோன் சவேலியெவிச். தூலா நகரத்துலேருந்து வந்திருக்கேன், ஏவுகணை மேடையைப் பொருத்த. நீங்க?"

"வர்வாரா க்லேபவ்னா. தர ஆய்வாளர். நீங்க வெட்டி எடுக்கச் சொல்ற வளையத்தைப் பார்த்து, நல்லாருக்குன்னு கையெழுத்துப் போட்டவ."

அவன் சங்கடப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் படவில்லை.

கப்பலின் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு இரும்பு வளையங்கள். அவற்றின் மேல்தான் சுழலும் மேடைகள் உட்காரும். கப்பலைத் தேடி வரும் ஏவுகணையை, கடைசி எட்டு வினாடியில் இந்த மேடைகள் சுட்டு வீழ்த்த வேண்டும். ரேடாரும் வளையமும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் கண் ஒரு பக்கம் பார்க்கும், கை வேறு பக்கம் நீளும்.

"ஒரு டிகிரியை அறுபது துண்டாக்கினா, அதுல மூணு துண்டு சாய்வு. ரெண்டு வளையமுமே," என்றான்.

"கீழ ஐஸ் தண்ணி. மேல வெயில். இரும்பு வளையாம என்ன பண்ணும்? மேகம் மூடின நாள்ல அளந்துட்டு வந்து பேசுங்க."

"வெயில் ஒரு துண்டு வளைக்கும். மூணு வளைக்காது."

"இரும்பைப் பத்தி எனக்கே பாடமா?"

அன்று மாலையே அவன் எழுத்தில் புகார் கொடுத்தான். மேகம் மூடும்வரை காத்திருந்து மறுபடி அளக்கும்படி தலைமைப் பொறியாளர் சொல்லிவிட்டார். பீட்டர்ஸ்பர்க்கில் மழைக்காகக் காத்திருக்க நேர்ந்தது அந்த ஒரு வருடம்தான். ஒன்பது நாள் வானம் துடைத்துவிட்டது போலக் கிடந்தது.

சாப்பாட்டுக்கூடத்தில் தினமும் எதிரெதிர் மேசை. அவள் தட்டில் பொரித்த கோருஷ்கா மீன். அவன் தட்டில் உருளைக்கிழங்கு மட்டும்.

"மேகம் ஏதாவது கண்ணுல பட்டுதா, வர்வாரா க்லேபவ்னா?"

"பட்டுது. உங்க மூஞ்சியில."

"இந்த மீன் ஏன் வெள்ளரிக்கா வாசம் அடிக்குது?"

"தூலாக்காரங்களுக்குச் சொன்னா புரியாது. சாப்பிட்டுப் பாருங்க."

தட்டை நகர்த்தினாள். அவன் ஒன்றை எடுத்தான். பிறகு நாலை எடுத்தான்... திமிர் பிடித்தவன், என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் ஒரு கை மீன் கூடுதலாக வாங்கினாள். ஏன் என்று தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

பத்தாம் நாள் மழை வந்தது.

தார்ப்பாய்க்குக் கீழே அவன் கருவியோடு குந்தினான். அவள் வளையத்தின் மேல் குறிப்பலகையைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றாள். இமைகளில் நீர் சொட்டியது. துடைக்கக் கை இல்லை.

"ஆடாதீங்க..."

"நான் ஆடல. குளிர்ல உங்க கண்ணு ஆடுது."

வலப்பக்க வளையம்: அரைத் துண்டுதான் சாய்வு. குறையே இல்லை. அவன் எழுந்து வந்து, நனைந்த தொப்பியைக் கழற்றினான்.

"நான் தோத்துட்டேன். வெயில்தான். மன்னிச்சிடுங்க."

அவ்வளவு சுலபமாக அவன் தோற்றுப்போவான் என்று அவள் நினைத்திருக்கவில்லை. ஜெயித்த சந்தோஷம் எங்கே போனதென்று தெரியவில்லை... நெஞ்சில் வேறு எதுவோ நடந்தது.

பிறகு இடப்பக்கம் அளந்தார்கள். இரண்டு துண்டு. அவள் மறுபடி அளக்கச் சொன்னாள். இரண்டு. மூன்றாம் முறையும் இரண்டு.

அந்த வளையத்தைக் கடைந்தது யார் என்று அவளுக்குப் பார்க்காமலே தெரியும். போன ஜூலையில், தேதி நெருக்கியதென்று, பட்டப்பகல் வெயிலிலேயே கடைந்து முடித்த குழு. அதன் மேஸ்திரி க்லேப்... அவளுடைய அப்பா. அவள் அளந்ததும் அதே வெயிலில்தான். அன்று வளைந்த தளத்தில் சரியாகத் தெரிந்தது, தளம் நிமிர்ந்ததும் சாய்ந்துவிட்டது; இந்த மே மாத வெயில் மறுபக்கம் வளைத்ததில் சாய்வு இன்னும் கூடித் தெரிந்திருக்கிறது.

வளையத்தின் தாளில் இருந்த மேஸ்திரி பெயரை ரோதியோனும் படித்தான். க்லேபவ்னா என்றால் க்லேபின் மகள்; சேர்த்துப் பார்க்க அவனுக்கு நேரம் ஆகவில்லை. மழை தார்ப்பாயைத் தட்டிக்கொண்டிருந்தது.

"இதைக் கணினியில திருத்திக்கலாம்," என்றான் மெதுவாக. "தாள்ல ஒண்ணுன்னு எழுதிடறேன். யாருக்கும் தெரியாது."

"திருத்தம் எதுவரைக்கும் தாங்கும்?"

"ஒண்ணுவரைக்கும்."

"இங்க ரெண்டு இருக்கு."

அவன் கருவியின் மூடியை மூடினான்.

"எனக்காகவா சொன்னீங்க?"

"ஆமா."

"அப்படி ஒரு தயவு எனக்கு வேண்டாம், ரோதியோன் சவேலியெவிச். கப்பல்ல நூத்தெண்பது பேர் போவாங்க." "இதே மாதிரி எத்தனை தாள்ல எழுதியிருக்கீங்க?"

அவன் முகம் வெளுத்தது. "ஒண்ணுல கூட இல்ல. இன்னிக்குத்தான் நாக்குல வந்துடுச்சு."

இரண்டு என்று அவளே எழுதினாள். முன்பு போட்ட தன் கையெழுத்து தவறு என்றும் அடியில் எழுதினாள்.

வீட்டில் அப்பா சூப் கிண்ணத்தைத் தள்ளிவைத்தார்.

"தூலாக்காரன் சிரிச்சானா?"

"இல்லப்பா."

"சிரிச்சிருப்பான். முப்பத்தோரு வருஷம். ஒருத்தன் என் வேலையைக் குறை சொன்னதில்ல. சொன்னது என் பொண்ணு."

"அளவு சொல்லுதுப்பா..."

"போ, வார்யா."

கோபத்திலும் வீட்டுச் செல்லப்பெயர்தான். அதோடு பேச்சு நின்றது. மறுநாளிலிருந்து அவர் விடியற்காலை மூன்றரைக்கே கிளம்பினார். ஆற்றின் மேல் வெயில் ஏறுவதற்குள் வளையத்தை மறுபடி கடைய வேண்டும். வர்வாரா ரோதியோனோடும் பேசவில்லை. சாப்பாட்டுக்கூடத்தில் மேசை மாறி உட்கார்ந்தாள். அவன் மட்டும் வராமல் இருந்திருந்தால்... என்று நினைப்பாள். வராமல் இருந்திருந்தால் கப்பல் அப்படியே கடலுக்குப் போயிருக்கும். இரண்டாவது நினைப்பு வந்ததும் ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுவாள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் அப்பா கைகளில் எண்ணெய்க் கறையோடு வந்து உட்கார்ந்தார். தேநீர் ஊற்றிக்கொடுத்தாள்.

"கால் துண்டு," என்றார்.

"என்னப்பா?"

"சாய்வு. இப்ப கால் துண்டுதான். நான் போன ஜூலையில அவசரப்பட்டுட்டேன். எனக்கு அப்பவே தெரியும்." தேநீரை ஆற்றினார். "அந்தத் தூலாக்காரன் தினமும் நாலு மணிக்கு வந்து நிக்கிறான். நான் கூப்பிடல. திட்டி விரட்டினேன், போகல. ஒவ்வொரு தடவை நான் கடைஞ்சதும் அளந்து சொல்லுவான், அவ்வளவுதான். வேற பேச்சே இல்ல."

"என்கிட்ட சொல்லவே இல்லியே அவர்..."

"என்கிட்டயும்தான் ஏன் வரான்னு சொல்லல. ஆனா நான் குருடனில்ல, வார்யா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காது மட்டும் சிவந்தது.

ஆகஸ்டில் கப்பல் சோதனைக்காகப் பால்டிக் கடலுக்குப் போனது. ஆய்வுக்குழுவோடு வர்வாராவும் போனாள். இலக்கு அலையை ஒட்டித் தாழப் பறந்து வந்தது. இடப்பக்க மேடை தானாகத் திரும்பியது. இரும்பே கிழிவது போல ஒரு சத்தம்... தூரத்தில் ஒரு சிறு வெளிச்சம். மாலுமிகள் கத்தினார்கள். எட்டு வினாடிகளில் நாலு மிச்சம் இருந்தது.

கரைக்குத் திரும்பும் வழியில் ரோதியோன் அவள் பக்கத்தில் வந்து நின்றான். அந்த மழைநாளுக்குப் பிறகு முதல் முறையாக.

"நாளைக்கு எனக்கு ரயில்," என்றான்.

"தெரியும். வீட்டுக்குப் போற சந்தோஷமா?"

"அங்க அம்மா இருக்காங்க. வேலை இருக்கு. ஜன்னலுக்கு வெளிய ஆப்பிள் மரம் இருக்கு." கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்தான். "போகத்தான் மனசு வரல."

"மரத்துல பழம் இல்லியா?"

"கிண்டல் பண்ணாதீங்க. நீங்க அங்க இல்ல. அதான்."

அவளுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. விடியற்காலை நாலு மணிகளைப் பற்றி, மேசை மாறி உட்கார்ந்த நாட்களைப் பற்றி... ஒன்றும் வாய்க்கு வரவில்லை. அவன் பெயரோடு அவன் அப்பா பெயரைச் சேர்த்து மரியாதையாகக் கூப்பிடப் பார்த்தாள். அதுவும் வரவில்லை.

"போகாத, ரோதியோன்," என்றாள். "எனக்கு நீ இங்க வேணும்."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். எதையும் இரண்டு முறை அளந்து பார்க்கிற ஆள், அன்று அளக்கவில்லை.

"சரி, வார்யா," என்றான்.