சத்தம் போடாத ரொட்டி வண்டி

எங்கள் பழைய ரொட்டி வேனுக்குத் தெருக்காரர்கள் வைத்த பெயர், இருமல் தாத்தா. டீசலைக் குடித்துவிட்டு அது இருமும் இருமலில் தெருவே விழித்துக்கொள்ளும். கதவுகள் திறக்கும். ரொட்டி வந்துவிட்டது என்று அர்த்தம்.

எனக்கு, விற்பனை முடிந்து அப்பாவும் அம்மாவும் வீடு திரும்பிவிட்டார்கள் என்று அர்த்தம்.

அப்பா இறந்த பிறகு அம்மாவே வேனை ஓட்டினாள். அப்போதும் அந்த இருமல் கேட்டால் வாசலுக்கு ஓடுவேன். அம்மா மட்டும் இறங்கி வருவாள்.

பிறகு இருமல் தாத்தாவும் போனது. இன்னும் ஒரு வருடத்துக்குள் ஊரில் புகைவிடும் வண்டிகளே இருக்கக் கூடாது என்று முடிவாகியிருந்தது. வண்டி மாற்றச் சின்னக் கடைகளுக்கு அரசு உதவியும் கிடைத்தது. அப்பா முன்பே பதிவு செய்து வைத்திருந்த மின்சார வேன் வந்தது.

அது பூனை மாதிரி வந்து பூனை மாதிரி போனது. கூடை கூடையாக ரொட்டி மிஞ்சியது.

"என்னம்மா, நேத்து லீவா?" என்று கேட்டார் தையல்கார மாமா.

"வந்தோமே!"

"வந்தீங்களா? திருடன்கூட இதைவிடச் சத்தமா வருவான்!"

"ஹாரன் அடிக்கலாமே அம்மா?" என்றேன்.

"விடியறதுக்குள்ள ஹாரன் அடிச்சா திட்டுதான் கிடைக்கும்."

அன்று மாலை அம்மா, பழைய வேனை எடுத்துக்கொண்ட மெக்கானிக்குக்குப் போன் செய்தாள். "அண்ணே, பழைய வேன் இருக்கா?"

"இருக்கு தங்கச்சி. நாளைக்குப் பிரிச்சுப் போடலாம்னு இருந்தேன்."

"கொஞ்சம் பொறுங்க. நாளைக்கும் ரொட்டி விக்கலேன்னா நானே எடுத்துக்கறேன்."

எனக்கு உள்ளுக்குள் ஒரே குதி. நாளைக்கும் விற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் பள்ளி விடுமுறை. நானும் வேனில் ஏறினேன். உள்ளே அப்படி ஓர் அமைதி. அப்போதுதான் கேட்டது. அம்மா முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாள்.

"சூடு சூடு ரொட்டி, தொட்டா பஞ்சு மெத்தை..."

சட்டென்று நிறுத்தி, சிறிது நேரம் விட்டு, மறுபடி முதலிலிருந்து பாடினாள்.

"என்ன பாட்டும்மா?"

அம்மா திடுக்கிட்டாள். "கேட்டுடுச்சா? அப்பா கட்டின பாட்டுடி. தினமும் பாடிக்கிட்டேதான் போவோம். தாத்தா இருமற இருமல்ல வெளிய கேக்காதுன்னு அவருக்குத் தைரியம்."

"நடுவுல ஏன் நிறுத்தறே?"

"அது அப்பா பாடற இடம்."

நான் ஏங்கிய அந்த இரைச்சலுக்கு அடியில் அப்பா பாடிக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்குத்தான் ஒரு நாளும் கேட்கவில்லை.

ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன். "அம்மா, சத்தமா பாடு."

"ஐயோ, மானம் போயிடும்டி!"

"போகட்டும். கூடவே ரொட்டியும் போகுமில்ல? அப்பா இடத்தை எனக்குச் சொல்லிக் குடு. நான் பாடறேன்."

அம்மா சொல்லிக் கொடுத்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினாள். நான் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினேன்.

"தூங்குமூஞ்சி எந்திரி, சுருட்டி வையி மெத்தை!"

ஒரு கதவு திறந்தது. எதிரில் இன்னொன்று. தையல்கார மாமா வாய் நிறையப் பற்பசை நுரையோடு ஓடி வந்தார்.

"ரொட்டி வாங்கிக்கறேன். பாட்டை நிறுத்துங்க!"

தெரு முழுக்கச் சிரித்தது. கூடைகள் காலியாயின.

அம்மா போனை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

"பிரிச்சுடுங்க அண்ணே," என்றாள்.

திரும்பும்போது விற்க ஒன்றுமில்லை. ஆனாலும் பாடினோம். என் முறை வந்தபோது குரல் எங்கேயோ ஏறி எங்கேயோ விழுந்தது. அம்மா வேனை ஓரமாக நிறுத்திவிட்டாள்.

"தப்பாப் பாடிட்டேனாம்மா?"

"ஆமா. அப்பாவும் சரியா அங்கதான் தப்பாப் பாடுவார்." அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொரு தடவை அதே மாதிரி பாடு."