கொட்டில், கூண்டு, பெட்டி

காலை ஆறரை மணிக்குத் தேன்காரம்மா முதல் பெட்டியின் மூடியைத் தூக்கினார், இரண்டாவதைத் தூக்கினார், மூன்றாவதைத் தொடக் கை வரவில்லை. நாற்பது பெட்டித் தேனீக்களும் கூண்டோடு மாண்டிருந்தன.

சற்று நேரத்தில் பெண் இன்ஸ்பெக்டர் வந்தார். மேசையில் எப்போதும் பேரகராதி வைத்திருப்பதால் ஸ்டேஷனில் அவருக்கு 'அகராதி' என்று பட்டப்பெயர். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

பெட்டி வாசல்களில் ஒரு தேனீகூட விழுந்து கிடக்கவில்லை. இறந்தவை எல்லாம் உள்ளேயே, சர்க்கரைப் பாகு வைத்த கிண்ணங்களைச் சுற்றிக் கிடந்தன.

"பாகு நீங்க வெச்சதா, அக்கா?"

"பூ கொட்டிக் கிடக்கிற காலத்துல நான் எதுக்குங்க வெக்கப் போறேன்?"

"இதைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

வேலியோரம் பக்கத்துத் தோட்டக்காரர் நின்றிருந்தார். முந்தின நாள் அவர் பூச்சிமருந்து அடித்திருந்ததால் கூடியிருந்த ஊரார் எல்லோரும் அவரையே கைகாட்டினார்கள். அருகில் தேன்காரம்மாவின் கொழுந்தன், மரக்கடை முதலாளி. அண்ணன் இறந்த நாளிலிருந்து இந்த நிலத்தைக் கேட்டு நச்சரிப்பவன்.

"தோட்டத்து மருந்துன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. எதுவானாலும் கேஸ் போடத்தான் போறேன்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"எப்படி மேடம் நிக்கும்?" கொழுந்தன் சிரித்தான். "சட்டத்துல கால்நடைன்னுதானே இருக்கு? தேனீயெல்லாம் கால்நடையா? அண்ணி நிலத்தை வித்துட்டு நிம்மதியா இருக்கட்டும்."

பிறர் கால்நடையை வேண்டுமென்றே கொன்றவர் முழு இழப்பீடு தர வேண்டும் என்றது அவன் குறிப்பிட்ட கால்நடைச் சட்டம். கிடைத்தால் புதுத் தேனீக் கூட்டங்கள் வாங்கலாம். இல்லையேல் நிலம் கைமாறும். ஆனால் 'கால்நடை' என்ற சொல்லுக்குச் சட்டம் விளக்கமே தரவில்லை.

"அகராதி என்னம்மா சொல்லுது?" இன்ஸ்பெக்டர் ஸ்டேஷன் திரும்பியதும் ரைட்டர் சீண்டினார்.

"'ஆடு, மாடு முதலியன.' அந்த 'முதலியன'ல யார் யார்னு சட்டத்தையேதான் கேக்கணும், அண்ணே."

சட்டத்தை முதல் வரியிலிருந்து படித்தவரின் விரல் ஒன்பதாம் பிரிவில் நின்றது: 'கால்நடை வளர்ப்போர் கொட்டில், கூண்டு, பெட்டி ஆகியவற்றைத் தூய்மையாக வைத்திருத்தல் வேண்டும்.'

"கொட்டில்ல மாடு. கூண்டுல கோழி. பெட்டிக்குள்ள எந்த மாட்டை அண்ணே வளக்குறீங்க?"

ரைட்டர் புகார்ப் படிவத்தை எடுத்து எழுத உட்கார்ந்தார்.

பிற்பகலில் தேன்காரம்மா, தோட்டக்காரர், கொழுந்தன் மூவரும் ஸ்டேஷனுக்கு அழைக்கப்பட்டனர்.

"தோட்டத்து மருந்துன்னா தேனீ வழியிலயும் வாசல்லயும் செத்து விழும். இது பாகுல கலந்த விஷம்," என்றார் இன்ஸ்பெக்டர். தோட்டக்காரருக்குப் போன உயிர் திரும்பியது. "இது எனக்கும் அக்காவுக்கும்தான் தெரியும். மத்தவங்க விபத்துன்னு நினைச்சு இவரைத் திட்டுனாங்க. முதலாளி, நீங்க மட்டும் வேணும்னே கொன்னவனைத் தண்டிக்கிற சட்டத்தை எடுத்து வாதாடுனீங்க. அந்தக் குத்தத்தை யாருமே சொல்லலையே?"

"அது... ஏதோ பேச்சுவாக்குல..."

"சட்டத்தைப் பாத்துட்டுத்தான் செஞ்சிருக்கீங்க. ஒரு பிரிவோட நிறுத்திட்டீங்க."

சோதனை போட்டதில் மரக்கடைப் பரணில் விஷ டப்பா அகப்பட்டது.

"அப்போ, கேஸ் நிக்குமா?" தேன்காரம்மா கேட்டார்.

"நிக்கும், அக்கா. பெட்டியில வளக்குறதும் கால்நடைதான்னு ஒன்பதாம் பிரிவே காட்டுது."

"ஈ ஓட்டுறவள்னுதான் இவன் என்னை ஏளனம் பண்ணுவான்." புகாரில் தொழில் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. தேன்காரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கால்நடை வளர்ப்புன்னு போடுங்க, ரைட்டரய்யா. கொஞ்சம் பெரிய எழுத்துலயே போடுங்க."