திரியாத பால்

எண்பத்து நாலு ஐப்பசி. புத்தூரில் நல்ல மழை. நனைந்த குடையை வாசலில் விடக்கூட மறந்து, அவன் கோபத்தோடு நேராக ஆஸ்பத்திரி லேபுக்குள் வந்து நின்றான். இமைகளில் மழைத்துளி தங்கியிருந்தது… கோபக்காரனுக்கு இவ்வளவு அழகான கண்கள் எதற்கு என்று லூர்துராணிக்குத் தோன்றியது.

பெயர் பாக்கியநாதன். காட்டூர். அம்மா வியாகுலம்மாள் தீராத தலைவலியோடு ஆஸ்பத்திரியில். முதுகுத்தண்டு நீரில் பூஞ்சை இல்லை என்று லூர்துராணி எழுதிய ரிப்போர்ட்டை மேஜையில் வைத்தான்.

"இன்னொரு தடவை பாருங்க."

"அஞ்சு வருஷமா மைக்ரோஸ்கோப்புல பாக்குறேன். என் கண்ணு தப்பு பண்ணாதுங்க."

"ஃபாக்டரியில என் வேலையே அளவு பாக்குறதுதான். கண்ணை நம்பினா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

அவன் வாயை அடைக்கவே மீதி நீரை எடுத்தாள். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு நீர், ஒரு சொட்டுப் பால் போன்ற மருந்து. பூஞ்சையின் கூறு இருந்தால் பால் திரியும். திரியவில்லை. வெற்றியோடு நிமிர்ந்தவள், அந்தக் கண்களைப் பார்த்துவிட்டு… எதற்கோ, நீரை நூறு மடங்கு நீர்க்கவைத்துப் போட்டாள்.

குருணை குருணையாகத் திரிந்தது!

பூஞ்சை அளவு மீறியிருந்தால் நீர்க்காத நீரில் ஒன்றுமே தெரியாது… படித்திருந்தாள், மறந்திருந்தாள். மாதிரி கெட்டுவிட்டது என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியும்?

"தப்பு என்னோடதுங்க," என்றாள். "பூஞ்சை இருக்கு… நிறையவே. டாக்டர்கிட்ட ஓடுங்க."

அவன் திட்டவில்லை. ஓடினான்.

அன்றே மருந்து ஏறியது. வாராவாரம் அம்மாவின் முதுகுத்தண்டு நீர்ப் புட்டியை அவனே கொண்டுவந்தான். ஆயிரத்து இருபத்து நாலு மடங்கு நீர்க்கவைத்தும் திரிந்த பால், பிறகு இருநூற்று ஐம்பத்தாறு வரை, பிறகு முப்பத்திரண்டு வரைதான் திரிந்தது. எண் இறங்க இறங்க அவன் பேச்சு நீண்டது.

ஒன்பதாம் வாரம் பால் திரியவே இல்லை. நீர்க்கவைத்தும் இல்லை.

அவள் கண் நிறைந்தது. இனி இவன் வரமாட்டான்… கடவுளே, ஒரு தாய் பிழைத்ததற்கா வருத்தப்படுகிறேன்? தன்னைக் கண்டே அதிர்ந்துபோனாள்.

அவன் முகம் வெளிறியது. "ஏன் அழறீங்க? அம்மாவுக்கு…"

"அவங்களுக்கு ஒண்ணுமில்லைங்க. பூஞ்சை போயிருச்சு. நீங்க இனிமே வரமாட்டீங்களேன்னுதான்…"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

அவன் மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"ரிசல்ட் வாங்கப் போறவன் எதுக்குடா இப்படித் தலை சீவுறேன்னு போன வாரமே அம்மா கேட்டாங்க. யாருடா அந்தப் பொண்ணுன்னாங்க."

"நீங்க…?"

"உன் மருமகள்னு சொல்லிட்டேன்… உங்களைக் கேக்காமலே."

லூர்துராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.